மாத்தியஸ்த்திய பாவனையும் தாயுள்ளமும்



ஸ்ரீ உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகளைக் கூறுகிறது. எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி, குணத்தால் உயர்ந்தோரிடத்துப் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், அவிநேயரிடத்து மாத்தியஸ்த்தியம். முதல் மூன்றும் எளிதில் விளங்கும். நான்காவதே இவ்விதழின் பாடம். அவிநேயர் என்போர் நல்லுரையை ஏற்காதவர். அவரிடத்து விருப்பும் வெறுப்பும் இன்றி நிற்றல் மாத்தியஸ்த்தியம்.

ஆசிரியப் பணியிலேயே காலங்கழித்த எனக்கு இச்சொல் நெடுநாள் உறுத்தலாக இருந்தது. மாணவன் கற்கவில்லையெனில் ஆசிரியர் கற்பிக்கவில்லை என்றே பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தனர். அவ்வாறிருக்க, கற்பிக்க இயலாதவர் என ஒருவர் உண்டா? உண்டு என்பதை என் மகனிடம் கற்றேன்.

அவனுக்கு வயது 46. குடியும் கடனும். மூன்று முறை ஓய்வூதியத்தைக் கொண்டும், ஒரு முறை கழுத்துச் சங்கிலியை விற்றும் அவன் கடனைத் தீர்த்தேன். நம் இல்லங்களில் பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது வழக்கம். அவன் வருவதோ இரவு பத்து மணிக்கு. வீடு அடங்கிய பின்னர் அவனுக்காக அடுப்பு மூட்டிச் சோறு வடித்தேன். என் நியமத்தை அவன் பொருட்டுத் தளர்த்தினேன்; அவன் எதையும் தளர்த்தவில்லை.

வினா: துன்புறுகிறவனும் அவனே, சொற்கேளாதவனும் அவனே. அவனிடத்துக் காருண்யமா, மாத்தியஸ்த்தியமா?

விடை: இரண்டும் வேண்டும், இடமறிந்து. அவன் பசிக்குக் காருண்யம். பணம் கேட்கும்போது மாத்தியஸ்த்தியம். குடிப்பவன் கையில் பணம் கொடுப்பதை அனர்த்த தண்டங்களுள் ஒன்றாகிய ஹிம்சாதானத்தில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. கத்தியும் நஞ்சும் ஈவது அதில் அடங்கும். அவன் கையில் அந்த ஐந்நூறு ரூபாய் வேறென்ன? இரவெல்லாம் அவனை மனத்துள் வைதுகொண்டு படுத்திருப்பதும் அபத்தியானமே. அதில் நான் இன்னும் தேறவில்லை.

எல்லை வகுக்கும் முறையைத் திக்விரதத்தினின்று அறியலாம். விரதம் பூணுபவர் ஆற்றையோ மலையையோ குறித்து, அதற்கப்பால் செல்லேன் என்று உறுதி கொள்கிறார். எல்லை அவருக்கே, ஆற்றுக்கு அன்று. ஆண்டுக்கணக்கில் 'நீ குடிக்காதே' என்று நான் ஆற்றுக்கு எல்லை வகுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தாளில் எனக்குரியதை எழுதினேன். பணமாகத் தாரேன். கடனுக்குப் பிணைக் கையொப்பம் இடேன். பேரனின் கட்டணத்தைப் பள்ளியிலேயே நேரில் செலுத்துவேன். பொழுது சாயுமுன் வந்தால் சோறு உண்டு.

வீட்டை எழுதித் தருமாறு பிள்ளைகள் நெருக்கும் இல்லங்களுக்கு ஒரு சொல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்தை நாடலாம். நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு அளிக்க வேண்டும். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு. வளர்ந்த மகனின் கடன், நாம் பிணை நின்றாலன்றி நம்மைச் சாராது என்பதையும் அறிக. அவன் கை ஓங்கும் நிலை வந்தால் பாவனை பேசிக்கொண்டிராமல் காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.

தாளில் எழுதியதை அவனிடம் கூறிய அன்று வாசற்கதவை உதைத்துவிட்டுப் போனான். 'பெற்ற மனம் கல்லாயிற்றா?' என்று அண்டை வீட்டார் கேட்டனர். மூன்று மாதம் அவன் வரவில்லை. அந்நாள்களில் நான் பட்டதை எழுத வேண்டியதில்லை, தாய்மார் அறிவர்.

சென்ற தசலட்சண பருவத்தில் ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு வந்து திண்ணையில் அமர்ந்தான். குடித்திருக்கவில்லை. சோறும் பயற்றங்குழம்பும் இட்டேன். உண்டபின் இருநூறு ரூபாய் கேட்டான். இல்லையப்பா என்றேன். சிறிது நேரம் தெருவைப் பார்த்திருந்துவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துப் போனான்.