தேறலும் தேறுதலும்

தமிழ்ச் சொற்களுள் 'தேறல்' என்பது ஆராயுந்தோறும் இன்பம் பயப்பதொன்று. தேறுதலாவது தெளிதல், கலங்கிய நிலை நீங்கித் தெளிந்த மதுவை நம் முன்னோர் தேறல் என்றனர். யவனர் கொணர்ந்த தேறலைப் பருகி இனிது வாழ்கவெனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகின்றார். மாணவராகிய நாமோ, ஆண்டிறுதியில் 'தேறினேன், தேறிற்றிலேன்' என்று அச்சொல்லின் வேரையே நாவில் வைத்து அஞ்சுகின்றோம்.

யாம் மது அருந்தியறியேம். பிறரை அருந்தத் தூண்டுதலும் எம் கருத்தன்று. எனினும், ஒரு பொருள் தேறுதற்கு எத்துணைக் காலமும் எத்துணை வாய்மையும் வேண்டும் என்பதனைப் பிரெஞ்சு நாட்டு வெண்மது ஒன்றன் வரலாறு நன்கு விளக்குதலின், அதனை ஈண்டு ஆராயப் புகுந்தேம்.

பிரெஞ்சு நாட்டின் கிழக்கில், சுவிட்சர்லாந்தை அடுத்து, ஜூரா என்னும் மலைநாடு உளது. ஆங்கு ஆர்புவா என்னும் ஊரைச் சூழ்ந்தும், ஷாட்டோ ஷாலோன் என்னும் குன்றத்தூரின் அடிச்சரிவுகளிலும் இம்மது பிறக்கின்றது. ஷாட்டோ ஷாலோனில் முற்காலத்தே பெனடிக்டு சபைக் கன்னியரின் மடம் ஒன்று விளங்கிற்று. இன்று அவ்வூர்ப் பெயரால் மது ஆக்குதற்குரிய திராட்சைத் தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேரே. அதனையும் பல குடும்பத்தார் சிறு சிறு பகுதிகளாகத் தந்தைக்குப் பின் மக்களெனப் பேணி வருகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் ஜூராவில் 20,000 ஹெக்டேர் அளவு பரந்திருந்த திராட்சைக் கொடிகள், அமெரிக்காவினின்றும் வந்து வேரையரித்த பிலாக்ஸெரா என்னும் சிறு பூச்சியால் பேரழிவெய்தின. இன்று எஞ்சியுள்ளது அதனிற் பத்திலொரு பங்களவே. எனவே, இம்மது அரிதாதற்கு நிலத்தின் சுருக்கம் ஒரு காரணம். ஆயினும் தலையாய காரணம் அஃதன்று.

சவாஞன் என்னும் வெண்திராட்சை ஒன்றே இதற்குரியது. நன்கு முதிரும் வரை அதனைக் கொடியிலேயே விடுத்து, பெரும்பாலும் அக்டோபர்த் திங்களிற் கொய்வர். சாற்றைப் பிழிந்து புளிக்கவைத்து, 228 லிட்டர் கொள்ளும் ஓக்கு மரப் பீப்பாய்களில் இடுவர். பிற மதுக்கள் பீப்பாயில் ஆவியாகிக் குறையுந்தோறும் மேலும் ஊற்றி நிறைத்தல் வழக்கம். இதற்கோ அங்ஙனஞ் செய்யார். குறைந்த இடத்தில், பாலின்மேற் படரும் ஆடை போன்று, ஈஸ்டு என்னும் நுண்ணுயிர்கள் மதுவின்மேல் மெல்லிய ஆடையாகப் படர்கின்றன. அவ்வாடை காற்றின் தாக்குதலை மட்டுப்படுத்தி மதுவைக் காப்பதோடு, அதற்குத் தனிச்சுவையும் ஊட்டுகின்றது. வெந்தயத்திற்கு மணந்தரும் சோட்டலோன் என்னும் பொருளே இம்மதுவின் மணத்திற்கும் காரணமென வேதியியலார் கண்டுள்ளனர். மஞ்சள் நிறம் பெறுதலின் இதனை 'வேன் ஜோன்', அஃதாவது மஞ்சள் மது, என வழங்குவர்.

கொய்த ஆண்டிற்குப் பின்வரும் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15ஆம் நாளுக்கு முன்னர் இதனைப் பீப்பாயினின்றும் எடுத்துப் புட்டியில் அடைத்தலாகாது. அக்காலத்துள் 60 திங்களேனும் அது ஆடையின்கீழ்க் கிடத்தல் வேண்டும். இவை அந்நாட்டு விதிகள். இந்நெடுங்காலத்தில் ஒரு லிட்டர் மது 62 சென்டிலிட்டராகச் சுருங்கும் என்பது அவர்தம் மரபு. ஆதலின் இதற்கெனவுள்ள 'கிளாவ்லேன்' என்னும் புட்டியும் அவ்வளவே கொள்ளும். இழந்ததை மறையாது, எஞ்சியதன் அளவையே புட்டியின் அளவாக்கிய நேர்மை எம்மை வியப்பிக்கின்றது.

காத்திருப்போர் அனைவரும் பயன் பெறுதலும் உறுதியன்று. ஆடை செம்மையாகப் படராவிடின் மது காடியாகிக் கெடும். இக்கேடும் நுண்ணுயிரால் விளைவதே என்று உலகிற்கு விளக்கியவர், ஆர்புவாவிலே வளர்ந்த லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞர். மதுவைப் பற்றிய அவர்தம் ஆராய்ச்சி நூல் 1866இல் வெளிவந்தது. அவர் ஆர்புவாவின் அருகே ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தையும் 1874இல் வாங்கினார்.

இனி, யாம் சிறப்பாகக் கூறக் கருதியது ஒன்றுண்டு. ஷாட்டோ ஷாலோனில் ஒவ்வோராண்டும் கொய்யுமுன்னர், ஒரு குழுவினர் தோட்டங்களைச் சுற்றிப் பழங்களின் முதிர்ச்சியை ஆராய்வர். தகுதியற்ற ஆண்டாயின், அவ்வாண்டு மதுவிற்கு ஊர்ப்பெயர் இடப்பெறாது. அதனைத் தாழ்ந்த பெயரால் குறைந்த விலைக்கே விற்றல் வேண்டும். 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்காண்டுகளிலும் இவ்வாறே ஷாட்டோ ஷாலோன் என்னும் பெயர் துறக்கப்பட்டது. ஓராண்டின் உழைப்பனைத்தும் கையிலிருக்க, வாங்குவோரும் காத்திருக்க, 'இது எம் பெயருக்குத் தக்கதன்று' என்று கூறுதல் எளிதோ? சிறு தோட்டமுடைய ஒரு குடும்பத்திற்கு அஃது எத்துணை இழப்பு! ஆயினும் அவ்விழப்பே அப்பெயருக்கு மதிப்பளித்தது. பெயரைக் காத்தற்குச் சில வேளை பெயரையே விலக்கல் வேண்டும் போலும்.

இத்தகைய உழைப்பின் பயனுக்குச் சான்றொன்று காட்டுவாம். ஆர்புவாவில் அனதுவால் வெர்செல் என்பார், பதினாறாம் லூயி அரியணை ஏறிய 1774இல் விளைந்த பழங்கொண்டு மஞ்சள் மது ஆக்கினார். அம்மதுப் புட்டிகள் சிலவற்றை அவர் வழித்தோன்றல்கள் எட்டுத் தலைமுறை காத்து வந்தனர். 1994இல் அம்மதுவின் புட்டியொன்றைத் திறந்து சுவைத்த வல்லுநர் 24 பேர், பத்திற்கு 9.4 மதிப்பெண் அளித்தனர். 2018இல் மற்றொரு புட்டி 1,03,700 யூரோவிற்கு ஏலம் போயிற்று. இருநூற்றிருபது ஆண்டு கழித்து நிகழ்ந்த தேர்விலும் அம்மது தேறியதன்றோ!

உடன் பயிலும் நண்பர்காள்! இம்மதுவை நாம் சுவைத்தல் வேண்டா. அதன் வரலாற்றைச் சுவைத்தலே போதும். நாமோ நேற்றுப் படித்ததை இன்றே எழுதி, நாளையே புகழ்பெற விழைகின்றோம். கனியாத கட்டுரைக்கும் நம் பெயரைப் பெரிதாகப் பொறிக்கின்றோம். ஜூரா நாட்டு உழவரோ, இருளில் ஆறாண்டு கிடந்து, குறைந்து, தெளிந்து, தகுதி பெற்றதற்கே தம் ஊரின் பெயரை ஈகின்றனர். தேர்வில் தேறுதல் ஒரு நாட் செயல். அறிவிலும் வாய்மையிலும் தேறுதலோ நெடுநாட் செயல். முன்னதற்கு அஞ்சும் நாம், பின்னதற்கும் சிறிது அஞ்சுவோமாக. அஞ்சிக் காத்திருக்கவும் கற்போமாக.