வீட்டில் ஓர் எரிமலை

பள்ளிக் கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. களிமண்ணால் ஒரு குன்று. அதன் நடுவே புதைத்த சிறு புட்டியில் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை குங்குமம். எலுமிச்சம்பழச் சாற்றை ஊற்றியதும் செந்நுரை பொங்கி வழிகிறது. வீட்டில் தம்பி தங்கைகளுக்கும் நீங்கள் இதைச் செய்து காட்டியிருக்கலாம். ஆனால், எரிமலைக்குள் சோடாவும் இல்லை, புளிப்பும் இல்லை. இத்துடன் நிறுத்திவிட்டால் குழந்தையின் மனத்தில் தங்குவது நுரை மட்டுமே.

முதலில் பெயரிலுள்ள சிக்கலைத் தீர்த்துவிடுங்கள். எரிமலை என்றதும் மலை தீப்பிடித்து எரிவதாகவே சிறுவர்கள் நினைப்பார்கள். அங்கே விறகுபோல் எரிவது எதுவும் இல்லை. கொல்லன் பட்டறையில் காய்ந்த இரும்பு செக்கச்செவேலென்று ஒளிர்கிறதல்லவா? அதுபோல, உருகிய பாறை வெப்பத்தால் ஒளிர்கிறது. அதன் வெப்பநிலை சுமார் 700 முதல் 1,200 டிகிரி சென்டிகிரேட் வரை இருக்கும். நம் காலடியில் எங்கும் நெருப்புக் குழம்பு கொதிக்கிறது என்பதும் சரியன்று. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை பூமி பெரும்பாலும் திடப்பாறைதான். சில இடங்களில் மட்டும் அதில் ஒரு பங்கு உருகுகிறது.

உருகியது மேலே வருவதேன்? சுற்றியுள்ள பாறையைவிட லேசாக இருப்பதால் அது மெல்ல ஏறுகிறது. பிறகு வெடிப்பதேன்? இதற்குக் கோலி சோடா ஒன்று வாங்குங்கள். மூடிய புட்டியில் குமிழிகள் தெரிவதில்லை. கோலியை அழுத்தியதும் 'புஸ்' என்ற ஓசையுடன் எங்கும் குமிழிகள்! அழுத்தம் குறைந்ததால், கரைந்திருந்த கரியமில வாயு பிரிகிறது. பாறைக்குழம்பிலும் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயு ஆகியவை கரைந்துள்ளன. மேலே வர வர அழுத்தம் குறைந்து, அவை குழம்பையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகின்றன. ஆப்ப சோடாவைவிட இதுவே உண்மைக்கு நெருக்கமானது. (புட்டியைக் குலுக்க வேண்டாம்; கண்ணாடி சிதறினால் ஆபத்து.)

எல்லா எரிமலைகளும் ஒரேமாதிரி வெடிப்பதில்லை. அம்மா ரசம் வைக்கும்போதும் ராகிக் களி கிண்டும்போதும் தம்பியை அடுப்புக்கு எட்ட நிற்க வைத்துக் காட்டுங்கள். ரசத்தில் குமிழி எளிதில் வந்து உடைகிறது. களியிலோ ஆவி அடைபட்டு, 'டப்' என்று வெடித்துக் கையில் தெறிக்கிறது. ஹவாய்த் தீவின் எரிமலைக் குழம்பு இளக்கமானது, ஆறுபோல் ஓடும். சிலிகா மிகுந்த குழம்பு களியைப் போன்றது. பிலிப்பைன்ஸின் பினடூபோ 1991 ஜூனில் வெடித்தது அவ்வாறுதான். அங்கே விஞ்ஞானிகள் முன்கூட்டியே எச்சரித்ததால் பல்லாயிரம் பேர் உயிர் தப்பினர்.

இவ்வளவும் கேட்ட குழந்தை, "நம்ம நாமக்கல் மலையும் வெடிக்குமா, அண்ணா?" என்று கேட்கும். சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள், இரவில் அதை நினைத்துப் பயப்படக்கூடும். அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு எரிமலை நூறாண்டுக்கும் மேல் உறங்கிக் கிடந்து, 1991இல் விழித்துக்கொண்டது. அப்படியானால் நம் மலையும் உறங்குகிறதோ? இல்லை. பாரன் தீவுக்கு அடியில் இந்தியப் பாறைத் தட்டு வேறொரு தட்டின் கீழ்ச் செருகுகிறது. நாமோ தட்டின் விளிம்பிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறோம். நாமக்கல் குன்று எரிமலை வாயன்று. ஆழத்தில் உருவான பழம்பாறை, மேலிருந்தவை அரித்துப் போனதால் வெளியே தெரிகிறது. இப்பகுதிப் பாறைகள் பல, சுமார் 250 கோடி ஆண்டு வயதுடையவை.

ஆனாலும் பாறைக்குழம்பின் கைவேலையை நம் ஊர்ப்பக்கமே பார்க்கலாம். சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் வெள்ளைக்கல் சுரங்கங்கள் உள்ளன அல்லவா? ஆழத்திலிருந்து ஏறிய குழம்பு, வெளியே கொட்டாமல் நிலத்துக்குள்ளேயே உறைந்து டூனைட் என்னும் பச்சைநிறப் பாறையாயிற்று. கரியமில வாயு கலந்த நீர் அதன் வெடிப்புகளில் ஊறி, அதிலுள்ள மக்னீசியத்துடன் சேர்ந்தது. அதுவே வெள்ளை நரம்புகளாக ஓடும் மாக்னசைட். சூளையில் சுட்டால் வாயு வெளியேறி மக்னீசியா எஞ்சும். எஃகு உலைகளின் உட்புறச் செங்கற்களுக்கு அது பயன்படுகிறது. அது உருக 2,800 டிகிரிக்கும் மேல் வேண்டும். எந்த எரிமலைக் குழம்புக்கும் அவ்வளவு சூடு இல்லை.