ராட்லாகர் எத்தனை கிலோமீற்றர் ஓடும்?

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிறது பற்றிக் கதைச்ச எபிசோடுக்குப் பிறகு பலர் ஒரே கேள்வியைத்தான் எழுதியிருந்தீங்கள்: ராட்லாகர், அதாவது சில்லுப் பேரிங், எத்தனை கிலோமீற்றர் ஓடும்? என்னட்ட இருக்கிற பதில் ரெண்டு. ஒண்டு கணக்கு, மற்றது தண்ணி.

எஸ்கேஎஃப் நிறுவனத்தின் ஆர்விட் பால்ம்கிரேன் 1924இல் ஜெர்மன் பொறியியலாளர் சங்கத்தின் சஞ்சிகையில் பேரிங்கின் ஆயுள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த வழியில் வந்த கணக்குத்தான் இண்டைக்கும் பாவனையில இருக்கு. ஒரே பெட்டியில வந்த பேரிங்குகளும் ஒரே நாளில சாகாது. அதனால பட்டியலில் போடுற ஆயுள் எண்டது 100 பேரிங்கில 90 தாண்டுற தூரம். மிச்சம் 10 அதுக்கு முன்னமே போகலாம்.

குண்டுப் பேரிங்குக்குச் சூத்திரம் சின்னது. தாங்குதிறனைச் சுமையால பிரியுங்கோ, வாற எண்ணை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்துங்கோ. விடை மில்லியன் சுற்றுக்கணக்கில வரும். சுமை ரெண்டு மடங்கானால் ஆயுள் எட்டில ஒண்டாகும்.

6204 எண்ட பேரிங்கை எடுப்பம். (கடைசி 04ஐ 5ஆல பெருக்கினா உள்விட்டம், 20 மில்லிமீற்றர். இது தெரிஞ்சா கடையில ஏமாற மாட்டீங்கள்.) தாங்குதிறன் ஏறத்தாழ 13 கிலோநியூட்டன். ஒரு பேரிங்கில 130 கிலோ பாரம் எண்டால் சுமை 1.3 கிலோநியூட்டன். பத்தின் மூன்றாம் அடுக்கு 1000, அதாவது 100 கோடிச் சுற்று. ஒரு சுற்றுக்கு 2 மீற்றர் எண்டு வைச்சால் 20 லட்சம் கிலோமீற்றர்!

ஆனா உங்கட சைக்கிளில அது அதுக்கு எவ்வளவோ முன்னமே போயிடும். ஏனெண்டால் இந்தக் கணக்கு பார்க்கிறது உலோகக் களைப்பை மட்டும்தான். சுத்தமான கிறீஸ், மூடியிருக்கிற ரப்பர் சீல் எல்லாம் சரியா இருக்கு எண்டு அது நம்புது. குளிர்கால றோட்டு உப்பும், நேராப் பிடிக்கிற உயரழுத்தத் தண்ணியும் அந்தச் சீலைத்தான் முதலில உடைக்குது. தண்ணி உள்ள போனால் துரு, துருவுக்குப் பிறகு குண்டு ஓடுற பாதையில குழி. பூட்டேக்கயும் கவனம்: வெளிவளையம் ஹப்புக்குள்ள இறுக்கமாப் போற பேரிங்கை உள்வளையத்தில தட்டினால், அடி குண்டுகளுக்கூடாகப் போய்ப் புதுப் பேரிங்கே அடையாளம் விழும்.

காரில இதைக் காதால பிடிக்கலாம். வேகத்தோட கூடுற, கியரை மாத்தினாலும் மாறாத உறுமல். இடப்பக்கம் திரும்பேக்க பாரம் வலப்பக்கச் சில்லுக்குப் போகும். அப்ப சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான். தேய்ஞ்ச டயரும் இப்பிடி உறுமும், அதால டயர் மாத்திற நேரம்தான் நல்ல நேரம். ஜாக்கில ஏத்தி ஒரு கையால சில்லைச் சுத்துங்கோ, மற்றக் கையைச் சுருள்வில்லில வையுங்கோ. பழுதான பேரிங்கின் கரகரப்பு கைக்கு வரும். மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டேக்க ஆட்டம் தெரிஞ்சால் டியூஃப் சோதனைக்குப் போற நாள்வரை காத்திருக்க வேண்டாம். சில்லு ஆடினால் பிரேக் டிஸ்க்கும் ஆடும், அது பிரேக் பாட்டைப் பின்னுக்குத் தள்ளும், அடுத்த முறை மிதிக்கேக்க பெடல் வழமையை விட ஆழமாப் போகும். அவுட்டோபானில அது சின்ன விசயமில்லை.

வாங்கப் போற மோட்டார் சைக்கிளில, விற்கிறவர் சில்லைக் கழட்ட விடமாட்டார். நடு ஸ்டாண்டில நிப்பாட்டி இதே ஆட்டும் சோதனையைச் செய்யுங்கோ. வாங்கி முதல் தரம் டயர் மாத்தேக்க, விரலை உள்வளையத்துக்குள்ள விட்டு மெல்லச் சுத்துங்கோ. படிபடியாத் தட்டுப்பட்டால், அந்தச் சில்லில இருக்கிற எல்லாப் பேரிங்கையும் தூசிச் சீலோட சேர்த்து மாத்துங்கோ.