பிடில் வில்லின் உறுப்புக்கள்

சென்ற விடுமுறையில் ஏற்காட்டிலே ஒரு திங்கள் தங்கியிருந்தேன். தேவாலயத்திற் கீர்த்தனைகளுக்கு என் பாட்டனார் வாசித்த பிடில் என்னுடன் இருந்தது. சேர்வராயன் மலையின் பனிமூட்டத்தில் வில்லின் மயிர் நாடோறும் தளர்ந்தது. யானும் நாடோறும் திருகை முறுக்கினேன். சேலத்திற்கு இறங்கிய மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது, வில்லின் தலை முறிந்து கிடந்தது.

அதனை ஒரு முதிய தச்சரிடம் கொண்டு சென்றேன். உறுப்புக்களின் ஆங்கிலப் பெயரன்றி வேறறியாத யான் வாய் தடுமாறி நின்றேன். அவரோ வில்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "பூண் நன்றாயிருக்கிறது, மரையும் இருக்கிறது, தலைதான் போயிற்று, தம்பி" என்றார். பிடில் வாசித்தறியாத அவருக்குச் சொற்கள் இருந்தன. தமிழ் பயிலும் எனக்கு இல்லை. அந்நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வில்லின் நீளம் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். எடை 60 கிராம் அளவினது. அதன் முதலுறுப்புக் கோல். உயர்ந்த விற்களின் கோல் பிரேசில் நாட்டுப் பெர்னம்புகோ மரத்தாலாயது. அம்மரம் சாயத்திற்குதவும் நம் பதிமுகத்திற்கு உறவுடையது. அஃது அருகிவிட்டமையின், அதன் வாணிகம் 2007 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்குள் வந்துள்ளது. பழைய விற்கள் போர்வில்லைப்போல் வெளிநோக்கி வளைந்தன. 1835இல் மறைந்த பாரிஸ் நகரத்துப் பிரான்சுவா தூர்த் என்பார் கோலை மயிரை நோக்கி உள்வளையச் செய்து, இன்றைய வடிவை நிலைநிறுத்தினார்.

கோலின் நுனி தலை எனப்படும். அடியிற் கைப்பக்கத்தே உள்ளது பிடிக்கட்டை. அது பெரும்பாலும் கருங்காலியாலாயது. குதிரைவால் மயிரின் இரு முனைகளும் தலையிலும் பிடிக்கட்டையிலும் உள்ள குழிகளில் ஆப்பினால் இறுக்கப்படும். மயிரைப் பட்டையாகப் பரப்பி நிறுத்துவது, உலக்கைக்கு உள்ளது போன்ற பூண். திருகைச் சுழற்ற, மரை பின்னோக்கி நகர்ந்து பிடிக்கட்டையை இழுக்கும்; மயிர் விறைக்கும்.

இனி, என் வில் முறிந்த காரணம் எளிதில் விளங்கும். ஈரக்காற்றில் மயிர் நீளும். உலர்ந்த காற்றிற் சுருங்கும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தது; சேலமோ 300 மீட்டருக்கும் தாழ்ந்தது. மலையில் விறைப்பாய் முறுக்கிய மயிர் வெயிலிற் சுருங்கவே, தலை இழுவையைத் தாங்கவில்லை. கோலின் நீளவாட்டில் ஓடும் மர இழை தலையிற் குறுக்கிட்டு நிற்பதால், வலி குன்றிய இடம் அதுவே. முறிந்ததை ஒட்டலாம், பழைய வலிமை வாராது. ஆதலின் வாசித்து முடிந்ததும் திருகைத் தளர்த்துதல் வேண்டும். மலையிறங்குமுன் மறவாது தளர்த்துதல் வேண்டும்.

முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் பிடில் கற்று இரு நூற்றாண்டுகளாகின்றன. கருவி நமதாயிற்று, பெயர்கள் இன்னும் நமவாகவில்லை. குமிழங்கொம்பில் மரல்நார் கட்டி ஆயன் இசைத்த கருவியைப் பெரும்பாணாற்றுப்படை வில்யாழ் என்று கூறும். பூணும் ஆப்பும் மரையும் இன்றும் தச்சர் நாவில் உள்ளன. அவற்றை யாம் அவரிடம் கேட்டுப் பெறுதலே எஞ்சியது.