பிள்ளை கேட்கும் விளையாட்டுக் கருவியும் வட்டியில்லாத் தவணையும்

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி 2025 ஜூன் 5 அன்று வெளியானது. அமெரிக்காவில் அப்போதைய விலை 449.99 டாலர். முதலில் விற்பனைக்கு வந்த நாடுகளுள் இந்தியா இல்லை. ஆயினும் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் பிள்ளைகள் கேட்காமலா இருப்பர்? தனியார் இறக்குமதி செய்து விற்பதாயின், பழுதுக்குப் பொறுப்பேற்பவர் யாரென்பதை ரசீதிலேயே எழுதிப் பெறுதல் வேண்டும்.

அடுத்து, 'வட்டியில்லாத் தவணை'. வட்டியே இல்லாத கடன் என ஒன்றில்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்தியது. கடன் அட்டைத் தவணையில் வட்டி உண்டு. அதற்கு ஈடான தொகையை விற்பவர் விலையில் குறைக்கிறார், அவ்வளவே. அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டி வாடிக்கையாளர் தலையில்தான் விழும். வட்டி 2,500 ரூபாயாயின் வரி 450 ரூபாய். செயலாக்கக் கட்டணம் வேறு. ரொக்கத் தள்ளுபடி இருப்பின் அதுவும் கைநழுவும். விற்பவர் இதனை விளக்குவது அரிது.

காத்திருக்க இயலுமாயின் நாங்கள் பரிந்துரைப்பது தொடர் வைப்பு. மாதம் 4,000 ரூபாய் வீதம் 12 மாதங்களில் அசல் மட்டுமே 48,000 ரூபாய் சேரும். 10 வயது நிறைந்த பிள்ளை சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கவும் விதிகள் இடமளிக்கின்றன. வரம்பினை அந்தந்த வங்கி வகுக்கும். விஷுக் கைநீட்டப் பணத்தை அதில் அப்பிள்ளையே செலுத்தட்டும்.