பெருவழியும் தராசும்: ஒரு பயணப் பாடம்



திருக்குர்ஆனின் 106-வது அத்தியாயம் 'குறைஷ்'. நான்கே வசனங்கள் கொண்டது. மக்தபுக்குப் போகும் நம் பிள்ளைகள் அநேகமாக எல்லோருமே அதை மனப்பாடமாக ஓதுவார்கள். அது ஒரு வியாபாரப் பயணத்தை நினைவூட்டும் அத்தியாயம் என்பதைப் பெரியவர்களான நாம்கூடச் சில நேரம் மறந்துவிடுகிறோம். விளைச்சல் இல்லாத மக்கா நகரத்து மக்கள் குளிர்காலத்தில் யமன் தேசத்துக்கும், கோடையில் ஷாம் தேசத்துக்கும் ஒட்டகங்களில் சரக்கு ஏற்றிப் போய் வந்தார்கள். அந்தப் போக்குவரத்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. உணவையும் அச்சமில்லா வாழ்வையும் கொடுத்த ரப்பை வணங்குங்கள் என்பதே அந்த அத்தியாயத்தின் அழைப்பு.

அப்படிப்பட்ட பழைய வணிகப் பாதை ஒன்று நம் மலைக்குக் கீழேயும் போகிறது. குண்டனி நாட்டிலிருந்து இறங்கினால் கருவூர், கொடுமணல், பாலக்காட்டுக் கணவாய், முசிறி, கோழிக்கோடு என்று மேற்குக் கடல் வரை அதைப் பார்த்து வரலாம். பள்ளி விடுமுறையில் ஒரு குடும்பம் நான்கு நாளில் போய் வரக்கூடிய வழி இது. இந்த இதழின் பாடமாக அந்த வழியையே எடுத்துக்கொள்வோம். ஊர் பார்ப்பதோடு ஒரு கேள்வியையும் கூடவே கொண்டு போவோம்: முகம் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் நம்பி இவ்வளவு தூரம் எப்படிச் சரக்கு அனுப்பினார்கள்?

முதல் நாள்: மலையிலிருந்து கருவூர்

சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வந்து நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் காவிரியைக் கடந்தால் புகளூர்.

நம் மலைக்கும் கருவூருக்கும் உள்ள தொடர்பு பழையது. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்க இலக்கியம் சொல்கிறது. சேரர்களின் கொங்குத் தலைநகர் கருவூர். அவர்களுடைய துறைமுகம் மேற்குக் கரையின் முசிறி. ஆகவே நாம் போகப்போகும் வழி, ஒரு காலத்தில் ஒரே அரச மரபின் மலையையும் நகரத்தையும் கடலையும் இணைத்த வழி.

புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சேர மன்னர்களின் பெயர்கள் அங்கே உண்டு. அவற்றோடு கருவூர்ப் பொன் வணிகன் ஒருவனுடைய பெயரும் இருக்கிறது. துறவிகள் தங்குவதற்கு அவன் செய்து கொடுத்த கற்படுக்கைக்காக அந்தப் பெயர் வெட்டப்பட்டது. சம்பாதித்ததில் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுத்தவன் பெயர் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளாக நிற்கிறது. கருவூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கடல் தாண்டி வந்த பணம் இந்த ஊர்க் கடைவீதியில் புழங்கியதற்கு அவை சான்று.

இரண்டாம் நாள்: கொடுமணலும் கோவையும்

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல் இன்று சிறிய கிராமம். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த தொழிற்கூடங்களும், பெயர் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. அருகே உள்ள படியூர்ப் பகுதியில் பச்சைக்கல் எடுத்தார்கள். அதை இங்கே பட்டை தீட்டி, துளையிட்டு, மேற்கே அனுப்பினார்கள்.

கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு 'இராசகேசரிப் பெருவழி' என்று பாதையின் பெயரையே சொல்கிறது. அது சோழர் காலத்தது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை திறந்துவிட்ட வாசல் அது. இந்த வாசல் இருந்ததால்தான் கொங்கு நாட்டுக் கல்மணி கடலுக்குப் போனது, கடல் காசு கருவூருக்கு வந்தது.

மூன்றாம் நாள்: முசிறி

கொடுங்கல்லூருக்கு அருகே பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. மத்திய தரைக்கடல் நாடுகளின் சாடித் துண்டுகளும் மேற்கு ஆசியப் பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. பழைய முசிறி இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கொடுங்கல்லூரில் சேரமான் பள்ளிவாசலும் உண்டு. அது 629-ல் கட்டப்பட்டது என்பது அவ்வூர் மரபு.

முசிறியிலிருந்து போன முக்கியச் சரக்கு மிளகு. ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியம் என்று விலை எழுதி வைத்திருக்கிறார். இந்தியச் சரக்குக்காகத் தம் நாட்டுப் பணம் வெளியே போகிறதே என்று வருத்தமும் படுகிறார். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், கோயில் ஒன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. நம் மலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் அதே கொடியின் காய்தான் அது.

இந்த வியாபாரத்தின் காகிதம் ஒன்றும் மிஞ்சியிருக்கிறது. பொது ஆண்டு இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பாபிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதிய கடன் ஒப்பந்தம் அது. இப்போது வியன்னாவில் இருக்கிறது. முசிறிப் பயணத்தின் பெயரைச் சொல்லும் அந்தத் தாளில், செங்கடலில் இறக்கிய சரக்கை யார் ஒட்டகத்தில் கொண்டு போவது, கிட்டங்கியில் யாருடைய முத்திரையின் கீழ் வைப்பது, தவணை தவறினால் என்ன செய்வது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. வாய்ச் சொல்லை மட்டும் நம்பிக் கப்பல் கிளம்பவில்லை.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282).

கொல்லத்துச் செப்பேடு

கொடுங்கல்லூரிலிருந்து தெற்கே கொல்லம். தூரம் அதிகம் என்பதால் நேரம் இருப்பவர்கள் போகலாம். போகாதவர்களும் அங்கே எழுதப்பட்ட ஒரு செப்பேட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 849-ல் வேணாட்டு அரசர் அய்யனடிகள், தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவத் தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைகள் அதில் இருக்கின்றன. அங்காடியின் நிறைகோலையும் முத்திரையையும் காக்கும் பொறுப்பும் அவற்றில் ஒன்று. அதாவது, எடை குறையாமல் பார்த்துக்கொள்வது வழிபாட்டிடத்தாரிடம் ஒப்படைத்த கடமையாக இருந்தது.

அந்தச் செப்பேட்டின் கடைசியில் சாட்சிக் கையெழுத்துகள். கூஃபி அரபியில் முஸ்லிம்கள், பஹ்லவியில் பாரசீகர்கள், எபிரேய எழுத்தில் யூதர்கள். ஒரு தேவாலயத்தின் உரிமைக்கு நம் முன்னோர் போன்ற வியாபாரிகள் சாட்சி நின்றிருக்கிறார்கள். அவர்களுடைய கையெழுத்துக்கு மதிப்பு இருந்ததால்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

நான்காம் நாள்: கோழிக்கோடு

குற்றிச்சிறையில் உள்ள மிஷ்கால் பள்ளி, மிஸ்கால் என்ற கப்பல் முதலாளி 14-ம் நூற்றாண்டில் கட்டியது. அவரைப் பற்றி இப்னு பதூதா எழுதியிருக்கிறார். 1510-ல் போர்ச்சுகீசியர் இந்தப் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். பிறகு அது சீர்செய்யப்பட்டு இன்றும் தொழுகை நடக்கிறது.

இப்னு பதூதா இந்தத் துறைமுகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறார். இந்தக் கரையின் மற்ற ஊர்களில் உடைந்த கப்பலின் சரக்கு அரசுக்குப் போய்விடும். கோழிக்கோட்டில் அது உரியவருக்கே திரும்பக் கிடைக்கும். 1442-ல் ஹெராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரஸ்ஸாக் பார்த்ததும் இதையே உறுதிப்படுத்துகிறது. வியாபாரிகள் சரக்கைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டுப் பயமில்லாமல் போவார்கள். சுங்க அதிகாரிகளே காவல் இருப்பார்கள். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு சுங்கம். விற்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆண்டது சாமூத்திரி மன்னர், வியாபாரம் செய்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சமயம் வேறாக இருந்தும் அமானிதம் அவர்களை இணைத்தது.

மீண்டும் மலை ஏறும்போது

நம் கேள்விக்கு வழிநெடுக விடை கிடைத்துவிட்டது. சரியான தராசு, எழுதிய காகிதம், நேர்மையான சாட்சி. இந்த மூன்றின் மேல்தான் பெருவழி நடந்தது. இப்போது நம் வழியைப் பார்ப்போம்.

தை, மாசி, பங்குனியில் மலைவாழ் மக்கள் மிளகை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். மலையிலும் அடிவாரத்திலும் அதை வாங்கும் வியாபாரிகளில் நம் குடும்பத்தினரும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளை படிப்பு என்று விவசாயி முன்பணம் கேட்கிறார். நாம் கொடுக்கிறோம். அது நல்ல காரியம்தான். ஆனால் பறிப்பு வந்ததும் என்ன நடக்கிறது? சந்தை விலையைவிடக் குறைத்துப் போடுவது, சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, கணக்கு நம் ஞாபகத்தில் மட்டும். எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. செய்கிற சிலரால் நம் எல்லோர் பேரும் போகிறது. அதைவிட முக்கியம், மறுமையில் அந்தத் தராசு நம் முன்னே வரும். 83-வது அத்தியாயமான 'முதஃப்ஃபிஃபீன்', வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்தே தொடங்குகிறது.

மார்க்கம் இதில் தெளிவான வழிகளைக் காட்டியிருக்கிறது.

1. முன்பணம் கடனா, விலையா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். கடன் என்றால் கொடுத்த தொகைதான் திரும்ப வர வேண்டும். 'எனக்கே குறைந்த விலைக்குப் போட வேண்டும்' என்ற நிபந்தனை சேர்ந்தால், கடனால் ஆதாயம் தேடுவதாகிவிடும். அது வட்டியின் வாசல்.

2. விலை என்றால் அது 'ஸலம்' என்ற முன்விற்பனை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து வந்தார்கள். அதைத் தடுக்காமல், அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். முழு விலையும் அப்போதே கொடுக்கப்பட வேண்டும். 'இந்தத் தோட்டத்து இந்தக் கொடியில் காய்ப்பது' என்று பேசக்கூடாது. இன்ன தரம், இத்தனை கிலோ, இன்ன தேதி என்றே பேச வேண்டும். நுணுக்கமான விஷயங்களை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எழுத வேண்டும். 2:282 வசனம் ஸலம் வியாபாரத்தையும் குறிக்கும் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம். அதில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. பணம் கொடுத்தவர் சொல்லி எழுதக்கூடாது, பொறுப்பு ஏற்றவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அதாவது விவசாயி சொல்ல, நாம் எழுத வேண்டும். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அவர் தரப்பு ஆள் ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு சாட்சி. ஆளுக்கு ஒரு பிரதி.

4. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம். எண் விவசாயிக்குத் தெரியும்படி தராசைத் திருப்பி வையுங்கள். சாக்கை வெறுமையாக நிறுத்து, அந்த எடையை மட்டும் கழியுங்கள்.

5. பச்சை மிளகு 100 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 33 கிலோதான் மிஞ்சும். ஆகவே ஈரத்தைக் கணக்குப் பார்ப்பது நியாயமே. ஆனால் எவ்வளவு கழிவு என்பதை மூட்டை தராசில் ஏறும் முன்பே இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். விற்பவருக்கும் இதில் பாடம் உண்டு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

'இப்படியெல்லாம் பார்த்தால் லாபம் நிற்குமா?' என்று சிலர் கேட்கலாம். நபித்துவத்துக்கு முன் கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாமுக்குக் கொண்டு போன இளைஞரை மக்கா 'அல்-அமீன்' என்று அழைத்தது. அந்தச் சரக்கு நல்ல லாபத்தோடுதான் திரும்பியது. நம்பிக்கைக்குரியவர் என்று பெயர் எடுத்த கடைக்கு மூட்டை தானாக வந்து சேரும்.

வீட்டில் பேசிப் பார்க்க

பயணம் போகிறவர்கள் கஸ்ரு தொழுகையின் சட்டத்தைக் கிளம்பும் முன்பே இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நாளை கணக்கு எழுதப் போவது அவர்களாகவும் இருக்கலாம். இரவில் தங்கும் இடத்தில் பிள்ளைகளிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்:

செப்பேட்டில் நான்கு சமயத்தாரும் சேர்ந்து வந்தது ஏன்?

நம் வீட்டில் கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா?

நம் தராசில் கடைசியாக முத்திரை வைத்தது எப்போது?

அல்லாஹ் நம் பயணங்களை இல்மு தரும் பயணங்களாகவும், நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் பரக்கத் உள்ளதாகவும் ஆக்குவானாக. ஆமீன்.