மைட்டர் ரம்பத்தைச் செப்பம் செய்யும் முறை

படச் சட்டமொன்றின் மூலைகளை உற்று நோக்குமின். இரு மரத்துண்டுகள் பொருந்தும் கோடு மயிரிழை போல் தோன்றின் அது நல்ல கைவேலை. அக்கோட்டில் ஒளி ஊடுருவின் வெட்டு பிழைபட்டதென்று அறியலாம். அப்பிழையை முன்னரே தடுக்கும் வகையை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சட்டத்தின் ஒவ்வொரு மூலையும் செங்கோணம். அதன் பாதி 45 பாகை. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரிடையே செங்கோணத்தை 100 கூறாக்கும் வழக்கும் உண்டு. அதன்படி இது 50 கூறு. அளவை எதுவாயினும் பாதி பாதியே. நான்கு மூலைகளுக்கு வெட்டுகள் 8. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை குறையின், ஈற்று மூலையில் 4 பாகைப் பிளவு நேரும். சிறு பிழை பெருகுமாறு இதுவே.

கருவியைத் தொடுமுன் மின்செருகியைப் பிடுங்கி விடுக. விசையை அணைத்தல் மட்டும் போதாது. தவறி அதன்மேல் விரல் படின் ரம்பம் சுழலும். இழந்த விரல் மீளாது.

முதலாவது, மரம் சாயும் பின்தடுப்பு நேராயுள்ளதா என நேர்கோலால் காண்க. இரண்டாவது, சுழல்மேடையைச் சுழியத்தில் நிறுத்தி, ரம்பத்தைத் தாழ்த்தி, மூலைமட்டத்தின் ஒரு கையைத் தடுப்பிலும் மற்றதைத் தகட்டிலும் பொருத்துக. மட்டம் பற்களின்மேற் படலாகாது. பற்கள் தகட்டினும் தடித்தவையாதலின் அளவு பொய்க்கும். இடைவெளி காணின் தடுப்பின் திருகுகளைத் தளர்த்தி, நேராக்கி, இறுக்குக. மூன்றாவது, மேசைக்கும் தகட்டிற்கும் இடையே செங்குத்தை அவ்வாறே ஆராய்ந்து திருத்துக. பின்னர் அளவுமுள்ளைச் சுழியத்திற்கு நேராக்குக.

மட்டம் கூறியதை மரத்தாலும் சோதித்தல் வேண்டும். வெட்டுமுன் காப்பு மூடி தானே மூடிக்கொள்கின்றதா எனப் பார்த்து, கண்காப்புக் கண்ணாடி அணிக. கையுறையும் தொங்கும் மேல்துண்டும் விலக்குக. கை ரம்பத்தினின்று ஒரு சாணேனும் அகன்றிருக்க. அதற்கு இடந்தராத சிறு துண்டைப் பற்றுக்கருவியால் இறுக்குக. சுழற்சி முற்றும் நின்ற பின்னரே ரம்பத்தை உயர்த்துக.

இணை விளிம்புடைய அகன்ற பலகையொன்றைச் சுழியத்தில் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மேல்கீழாகப் புரட்டி, இரண்டையும் நேர்கோலை ஒட்டி வைத்து வெட்டுமுகங்களைச் சேர்க்க. காணும் பிளவு பிழையின் இருமடங்காதலின் அதன் பாதியையே திருத்துக. மறுபடியும் மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே திருத்தத் தொடங்குக. அதன்பின் 45 பாகையில் இரு துண்டுகள் வெட்டிச் சேர்த்து மூலைமட்டத்தோடு ஒப்பிடுக.

இத்தனை செய்தும் சில திங்களில் மூலை திறத்தல் உண்டு. அதற்கு ரம்பத்தை நோவற்க. மரம் நீளத்தில் மிகச் சிறிதே மாறும். அகலத்திலோ நன்கு மாறும். ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தாற் பருப்பின் வெளிமூலை திறக்கும். கோடையில் வற்றின் உள்மூலை திறக்கும். கடற்காற்று வீசும் காரைக்காலில் இதனை மறத்தலாகாது. ஆதலின் நன்குலர்ந்த மரத்தையே கொள்க.

மாணவர் ஒவ்வொருவரும் ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு சட்டமேனும் செய்து, அதன் மூலைகளை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்ப்பாராக.